மூத்த பிள்ளைக்கு தலசீமியா: ‘நாலில் ஒன்று’ அதோடு தீர்ந்துவிட்டதா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: உங்களுக்கும் மனைவிக்கும் தலசீமியா (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்த நோய்) கேரியர், அதாவது பழுதான மரபணு ஒன்றைச் சுமந்தாலும் நோயில்லாதவர், என்று பரிசோதனையில் வந்திருக்கிறது, மூத்த மகனுக்கு நோய் இருக்கிறது, அடுத்துப் பிறந்த மகள் நன்றாக இருக்கிறாள், இப்போது மூன்றாவது பிள்ளை பற்றி யோசிக்கிறீர்கள். பள்ளியில் படித்த அந்த நாலு கட்டத்தைப் போட்டுப் பார்த்தால் நாலில் ஒன்று என்று வருகிறது, அந்த ஒன்று மகனோடு போய்விட்டது, அப்படியானால் மூன்றாவது பிள்ளைக்கு வராதுதானே? கூடவே, இதே கட்டத்தை வைத்து ரத்த வகை, கண் நிறம், உயரம் எல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்வி ஆர்வத்தில் கேட்டது, முதல் கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன், அதனால் அதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். தீர்ந்துவிடவில்லை. மூன்றாவது பிள்ளைக்கும் வாய்ப்பு அதே நாலில் ஒன்றுதான், ஒரு துளிகூடக் குறையவில்லை, கூடவும் இல்லை.

கொஞ்ச காலம் கல்லூரியில் மரபியல் பாடம் எடுத்தேன், அதன்பிறகு பதினாறு வருடமாக மரபுவழி நோய் உள்ள குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. இந்தக் கேள்வி வராத மாதம் கிடையாது. ஒருமுறை ஒரு அம்மா, கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். ஸ்கேல் வைத்து அழகாகக் கட்டம் போட்டு, நோயுள்ள கட்டத்தைச் சிவப்புப் பேனாவால் அடித்து, அதற்குக் கீழே மூத்த பிள்ளையின் பெயரை எழுதியிருந்தார். மீதி மூன்று கட்டங்களும் இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்காகக் காலியாக இருந்தன. கட்டம் சரி, எழுத்துகள் சரி. நாலு கட்டத்தையும் அவர் நாலு பிள்ளைகளாக எடுத்துக்கொண்டதில்தான் எல்லாம் தவறிப்போனது. அந்தக் கட்டத்துக்குள் இருப்பது ஒரே ஒரு பிள்ளை, அந்த ஒரு பிள்ளை எந்தெந்த மாதிரி பிறக்கலாம் என்பதற்கான நாலு வழிகள்தான் அந்த நாலு கட்டங்கள். அடுத்த பிள்ளைக்கு முழுக் கட்டத்தையும் முதலிலிருந்து வேறொரு தாளில் போட வேண்டும்.

கேம்பிரிட்ஜில் இருந்த ரெஜினால்ட் புன்னட் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்து காட்டிய முறை இது, அவர் பெயரிலேயே புன்னட் கட்டம் என்கிறோம். ஆங்கிலப் புத்தகங்களில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று போட்டிருப்பார்கள், தமிழில் அந்த வசதி இல்லை, அதனால் நான் எப்போதும் நல்ல மரபணுவுக்கு ‘ந’, தலசீமியா மரபணுவுக்கு ‘த’ என்று எழுதுவேன். உங்களிடம் இரண்டு பிரதிகள் இருக்கின்றன, ஒரு ந, ஒரு த. மனைவியிடமும் அப்படியே. விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது இந்த இரண்டில் ஒன்றுதான் உள்ளே போகும், எது போகும் என்பது காசு சுண்டுவது மாதிரி. கட்டத்தின் மேல் ஓரத்தில் உங்கள் விந்தணுவின் இரண்டு வகை, இடது ஓரத்தில் மனைவியின் கருமுட்டையின் இரண்டு வகை. குறுக்கே சேர்த்தால் நந, நத, தந, தத. முதலாவது பிள்ளைக்கு எதுவும் இல்லை, நடுவில் உள்ள இரண்டும் உங்களைப் போலவே கேரியர், கடைசியில் உள்ளதுதான் நோய். நம்ப முடியவில்லை என்றால் இரண்டு காசுகளை எடுத்துக்கொண்டு இருவரும் ஆளுக்கு ஒன்றாக ஒரே நேரத்தில் சுண்டிப் பாருங்கள், தலை விழுந்தால் ந, பூ விழுந்தால் த. இரண்டும் பூவாக விழுந்த பிறகு அடுத்த தடவை சுண்டும்போது அந்தக் காசுகளுக்குப் போன தடவை என்ன விழுந்தது என்று தெரியாது. விந்தணுவுக்கும் கருமுட்டைக்கும் வீட்டில் ஏற்கெனவே யார் இருக்கிறார்கள் என்பது அப்படித்தான் தெரியாது.

இதே கணக்கைக் கொஞ்சம் நீட்டினால் இன்னும் தெளிவாகும். உங்களைப் போன்ற பெற்றோருக்கு நாலு பிள்ளைகள் பிறந்தால், நாலில் ஒன்று என்பதால் சரியாக ஒருவருக்குத்தான் நோய் வரும் என்று தோன்றும். கணக்குப் போட்டால் 256 குடும்பங்களில் 108 குடும்பங்களில்தான், அதாவது சுமார் 42 சதவீதத்தில்தான், சரியாக ஒரு பிள்ளைக்கு நோய் இருக்கும். 81 குடும்பங்களில் ஒருவருக்குமே இருக்காது. மீதி 67 குடும்பங்களில் இரண்டோ அதற்கு மேலோ இருக்கும், அதில் ஒரே ஒரு குடும்பத்தில் நாலு பேருக்குமே. ஆக, எதிர்பார்க்கும் ‘சரியான’ விகிதம் பாதிக் குடும்பங்களில்கூட வராது. மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டல் 1866ல் வெளியிட்ட கட்டுரையில் இது அப்படியே இருக்கிறது. பட்டாணிச் செடிகளில் அவருக்குக் கிடைத்தது 5,474 உருண்டை விதைகள், 1,850 சுருங்கிய விதைகள், அதாவது 2.96க்கு 1. இந்த எண்ணைத்தான் எல்லாப் பாடப்புத்தகமும் போடும். ஆனால் தனித்தனிச் செடியில் என்ன இருந்தது என்பதையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார்: ஒரு செடியில் 43 உருண்டைக்கு 2 மட்டுமே சுருங்கியவை, இன்னொரு செடியில் 14 உருண்டைக்கு 15 சுருங்கியவை. 253 செடிகளின் விதைகளை ஒன்றாகக் கொட்டி எண்ணியபோதுதான் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் வெளியே வந்தது. ஒரு வீட்டில் உள்ள இரண்டு மூன்று பிள்ளைகளை வைத்து அந்த விகிதத்தைத் தேடுவது, ஒரே நெற்றை உரித்துப் பார்த்துவிட்டு முழுத் தோட்டத்தையும் சொல்ல முயல்வது போல.

சரி, அப்படியானால் மகனுக்கு நோய் இருப்பது எதையுமே சொல்லவில்லையா? சொல்கிறது, மிக முக்கியமான ஒன்றைச் சொல்கிறது. கட்டத்தின் உள்ளே நடப்பது வெறும் கூட்டல், அதில் தப்பு வர வழியே இல்லை. தப்பு வருவதெல்லாம் ஓரத்தில்தான், அதாவது அப்பா அம்மாவிடம் உண்மையில் என்ன இருக்கிறது என்று நாம் எழுதும் இடத்தில். உங்கள் மகன் பிறக்கும்வரை உங்கள் இருவரையும் பார்த்து யாரும் கேரியர் என்று சொல்லியிருக்க முடியாது, நீங்கள் நன்றாகத்தான் இருந்தீர்கள். அவனுக்கு நோய் இருந்ததால்தான் ஓரத்தில் எழுத வேண்டிய இரண்டு ‘த’வும் நமக்குத் தெரிய வந்தன. நாலில் ஒன்று என்ற வாய்ப்பு அவனுக்கு முன்பும் இருந்தது, பின்பும் இருக்கிறது. இப்போது நமக்குத் தெரிகிறது, அவ்வளவுதான் மாற்றம்.

ஓரம் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு இங்கேதான் சறுக்கும். ‘தலசீமியா மைனர்’ (கேரியர் என்பதற்கு இன்னொரு பெயர்) என்று மட்டும் அறிக்கையில் போட்டிருந்தால் அதை வைத்துக் கட்டம் போடாதீர்கள், பீட்டாவா ஆல்ஃபாவா என்று எந்த வகை என்பதும் தெரிய வேண்டும். பீட்டா தலசீமியாவுக்கான மரபணு 11வது குரோமோசோமில் இருக்கிறது, ஆல்ஃபா தலசீமியாவுக்கானவை 16வது குரோமோசோமில் இருக்கின்றன. கணவன் பீட்டா கேரியர், மனைவி ஆல்ஃபா கேரியர் என்றால் அந்த நாலில் ஒன்று கணக்கே பொருந்தாது, அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு பீட்டா தலசீமியா மேஜர் என்ற கடுமையான நோய் வருவதற்கு இரண்டாவது பீட்டா பழுது எங்கிருந்தும் கிடைக்காது. மாறாக ஒருவர் பீட்டா கேரியர், இன்னொருவர் ஹீமோகுளோபின் ஈ அல்லது சிக்கிள் செல் கேரியர் என்றால், பெயர் வேறாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது, அவை ஒரே மரபணுவில் ஏற்பட்ட வெவ்வேறு பழுதுகள், இரண்டும் சேர்ந்த பிள்ளைக்கு நோய் வரும், அதே நாலில் ஒன்று வாய்ப்பில். பீட்டா கேரியரை வழக்கமாகக் கண்டுபிடிப்பது ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகையின் அளவை வைத்து, அது 3.5 சதவீதத்துக்கு மேல் போயிருக்கும். ஆனால் இரும்புச்சத்துக் குறைவு கடுமையாக இருந்தால் அந்த அளவு இறங்கி, கேரியராக இருப்பவர் தப்பித்துவிட்டது போலத் தெரியலாம். சிவப்பணு சின்னதாக இருப்பதைப் பார்த்துவிட்டு இரும்பு மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பியதால், பிள்ளை பிறந்த பிறகு உண்மை தெரிந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அது எனக்கு இன்றுவரை வலிக்கும் விஷயம்.

உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன், நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அவள் கேரியராக இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டால் பெரும்பாலானோர் பாதி என்பார்கள், நாலு கட்டத்தில் இரண்டு கேரியர் என்பதால். ஆனால் அவளுக்கு நோய் இல்லை என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும், அதனால் தத கட்டத்தை எடுத்துவிட வேண்டும். மிச்சம் மூன்று கட்டம், அதில் இரண்டு கேரியர், ஆக மூன்றில் இரண்டு. கட்டத்தை அடிப்பது சரியாக இருக்கும் இடம் இது ஒன்றுதான்: பிறந்துவிட்ட பிள்ளையைப் பற்றி நமக்குத் தெரிந்ததை வைத்து அந்தப் பிள்ளையின் கட்டத்திலேயே அடிக்கலாம், அடுத்தவர் கட்டத்தில் அடிக்க முடியாது. இதற்காக இப்போதே அவளைப் பரிசோதிக்க வேண்டுமா என்றால், என் அபிப்பிராயம் அவசரமில்லை என்பதுதான். கேரியராக இருந்தாலும் அவள் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, வளர்ந்து விவரம் தெரிந்த பிறகு அவளே முடிவு செய்யட்டும். ஆனால் மறந்துவிடாமல் அவளிடம் சொல்லிவைக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ரத்த வகைக்குக் கட்டம் நன்றாகவே வேலை செய்யும். ஏ, பி, ஓ என்று மூன்று வடிவங்கள், ஏவும் பியும் ஒன்றையொன்று மறைக்காது, ஓ இரண்டுக்கும் அடங்கிப்போகும். ஏ வகை அப்பாவிடமும் பி வகை அம்மாவிடமும் ஆளுக்கொரு ஓ ஒளிந்திருந்தால் பிள்ளைக்கு ஏ, பி, ஏபி, ஓ நாலுமே வரலாம், நாலில் ஒன்று வீதம். ‘எங்கள் இருவருக்கும் ஓ இல்லையே, பிள்ளைக்கு எப்படி?’ என்று பதறி எழுதுகிறவர்களுக்கு இதுதான் பதில், அதில் சந்தேகப்பட எதுவுமில்லை. ஏபிக்கும் ஓவுக்கும் பிறந்தால் ஏ அல்லது பிதான் வரும், இது கிட்டத்தட்ட உறுதி. ‘கிட்டத்தட்ட’ என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 1952ல் பம்பாயில் கண்டறியப்பட்ட ஒரு அரிய வகையில், உள்ளே ஏ அல்லது பி மரபணு இருந்தும், அதற்கு அடித்தளமாக வேண்டிய எச் என்ற பொருள் உருவாகாததால் சாதாரணப் பரிசோதனையில் ஓ என்றே காட்டும். அப்படிப்பட்டவருக்கும் ஓ வகைத் துணைக்கும் ஏ வகைப் பிள்ளை பிறக்கலாம். ஆகவே ஒரு ரத்த வகை அட்டையையும் ஒரு கட்டத்தையும் கையில் வைத்துக்கொண்டு யாரும் யாரையும் சந்தேகப்படாதீர்கள், அதற்கு டிஎன்ஏ பரிசோதனை இருக்கிறது.

எக்ஸ் குரோமோசோமில் உள்ளவற்றுக்கும் கட்டம் சரியாக வரும், ஓரத்தில் எக்ஸ், ஒய் சேர்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான். சிவப்பு பச்சை நிறக்குருடு, ஹீமோஃபீலியா இரண்டும் அப்படி. அம்மா கேரியர் என்றால் ஒவ்வொரு மகனுக்கும் பாதி வாய்ப்பு. அப்பாவுக்கு இருந்தால் மகனுக்கு அவரிடமிருந்து வராது, அவர் மகனுக்குக் கொடுப்பது ஒய்யை, எல்லா மகள்களும் கேரியர் ஆவார்கள். அந்திமந்தாரையில் சிவப்புக்கும் வெள்ளைக்கும் பிறந்தது இளஞ்சிவப்பாக வருவதையும் கட்டம் காட்டிவிடும், அங்கே ஓங்கு பண்பு (ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரிவது), ஒடுங்கு பண்பு (இரண்டு பிரதியும் இருந்தால்தான் தெரிவது) என்ற பேச்சு மட்டும்தான் மாறும், கட்டம் மாறாது.

கட்டம் எங்கே தோற்கும் என்பதை முதலில் பார்த்தவர்களில் புன்னட்டே ஒருவர். பேட்சன், சாண்டர்ஸ் என்ற சக ஆய்வாளர்கள் இருவரோடு சேர்ந்து இனிப்புப் பட்டாணியில் பூவின் நிறத்தையும் மகரந்தத்தின் வடிவத்தையும் சேர்த்துப் பார்த்தபோது, பதினாறு கட்டத்தில் வர வேண்டிய 9:3:3:1 வரவில்லை, இரண்டு பண்புகளும் ஒட்டிக்கொண்டே வந்தன. ஒரே குரோமோசோமில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் மரபணுக்கள் சேர்ந்தே பயணம் செய்யும் என்பது பின்னால் மரபியலாளர் மார்கன் பழ ஈக்களை வைத்துச் செய்த ஆய்வில்தான் தெளிவானது. அப்புறம் புதிதாக ஏற்படும் மாற்றம். அகாண்ட்ரோபிளேசியா என்ற குட்டைத்தன்மை ஓங்கு பண்பு, ஆனால் அதோடு பிறப்பவர்களில் சுமார் 80 சதவீதம் பேரின் பெற்றோர் இருவரும் சராசரி உயரம்தான். அந்தப் பெற்றோருக்குக் கட்டம் போட்டால் பூஜ்ஜியம் என்றுதான் வந்திருக்கும்.

கண் நிறம், உயரம், தோல் நிறம் இவற்றுக்குக் கட்டம் போடாதீர்கள். பழுப்பு ஓங்கு, நீலம் ஒடுங்கு என்று நாங்களும் ஒரு காலத்தில் வகுப்பில் போட்டுக் காட்டியிருக்கிறோம். 15வது குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மரபணுக்கள் கண் நிறத்தில் பெரும்பங்கு வகிப்பது உண்மைதான், ஆனால் வேறு பல மரபணுக்களும் கை வைக்கின்றன, நீலக்கண் பெற்றோர் இருவருக்குப் பழுப்புக்கண் பிள்ளை பிறப்பது அரிதானாலும் நடக்கிறது. உயரத்துக்கு 2022ல் சுமார் 54 லட்சம் பேரின் தரவை வைத்துப் பார்த்ததில் 12,000க்கும் மேற்பட்ட இடங்கள் தட்டுப்பட்டன, அதற்கு எத்தனை கட்டம் போடுவது? நாக்கைச் சுருட்டுவது பரம்பரை என்று இன்றும் பிள்ளைகளுக்கு வகுப்பில் செய்து காட்டச் சொல்கிறார்கள். அதை 1940ல் எழுதிய மரபியலாளர் ஸ்டர்டிவன்ட் பிற்காலத்தில் தானே அதை ஏற்கவில்லை, ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவர் சுருட்ட மற்றவரால் முடியாமல் போவது தெரிய வந்த பிறகு. எத்தனையோ பிள்ளைகள் இந்தப் பாடத்தால் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவின் நாக்கைப் பார்த்துக் குழம்பியிருப்பார்கள். தயவுசெய்து ஆசிரியர்கள் யாராவது படித்தால் அந்தச் செயல்பாட்டை எடுத்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்குத் திரும்புகிறேன். கட்டம் சொல்வது நோய் வருமா வராதா என்பதை மட்டும், எவ்வளவு கடுமையாக வரும் என்பதைச் சொல்லாது. பீட்டா பழுது எந்த வகை, கூடவே ஆல்ஃபா பழுதும் இருக்கிறதா, பிறந்த பிறகும் கருக்கால ஹீமோகுளோபின் எவ்வளவு தொடர்கிறது, இவையெல்லாம் சேர்ந்து அதை மாற்றும். மூன்றாவது பிள்ளை வேண்டும் என்று முடிவு செய்தால், கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே உங்கள் இருவரின் பழுதும் எது என்று டிஎன்ஏ பரிசோதனையில் பெயர் சொல்லி எழுதி வாங்கிவிடுங்கள். அது கையில் இருந்தால்தான் 11வது வாரத்திலிருந்து நஞ்சுக்கொடித் திசுவை எடுத்தோ, 15வது வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்தோ இந்தப் பிள்ளைக்கு எந்தக் கட்டம் என்று பார்க்க முடியும். அப்போது நாலில் ஒன்று என்ற பேச்சே இருக்காது, ஆமா இல்லையா என்று தெரிந்துவிடும். தெரிந்த பிறகு என்ன செய்வது என்பது உங்கள் இருவரின் முடிவு, அதில் நான் ஒரு பக்கம் பேச மாட்டேன்.

கடைசியாக ஒன்று. மூன்றாவது பிள்ளையை யோசிக்கும் பல குடும்பங்களின் மனதில், மூத்தவனுக்கு எலும்பு மஜ்ஜை கொடுக்க ஒரு தம்பியோ தங்கையோ கிடைக்கும் என்ற எண்ணம் இருக்கும், வெளியே சொல்லத் தயங்குவார்கள். உங்களுக்கும் இருந்தால் அதற்கும் ஒரு கட்டம் உண்டு. மஜ்ஜை பொருத்தம் பார்க்கும் எச்எல்ஏ மரபணுக்கள் 6வது குரோமோசோமில் ஒரு கொத்தாக இருக்கின்றன, பெரும்பாலும் பிரியாமல் ஒன்றாகவே வரும். உங்களிடம் இரண்டு கொத்து, மனைவியிடம் இரண்டு கொத்து, உடன்பிறந்த இருவருக்கு இரண்டுமே ஒத்துப்போக நாலில் ஒன்று வாய்ப்பு. தலசீமியா மரபணு வேறு குரோமோசோமில் இருப்பதால் இரண்டு கணக்கையும் பெருக்கலாம்: நோய் இல்லாமலும் பொருத்தமாகவும் ஒரு பிள்ளை பிறக்க நாலில் மூன்று பெருக்கல் நாலில் ஒன்று, அதாவது பதினாறில் மூன்று. ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் உங்கள் மகள் ஏற்கெனவே பிறந்துவிட்டாள், அவளுக்கு நோய் இல்லை, அவள் அண்ணனுக்குப் பொருந்துவதற்கு இப்போதே நாலில் ஒன்று வாய்ப்பு இருக்கிறது, கேரியராக இருந்தாலும் கொடுக்கலாம். மகனுக்கு மஜ்ஜை மாற்று செய்யலாம் என்று அவனைப் பார்க்கும் மருத்துவர் நினைத்தால், மற்ற எதற்கும் முன்பு அவளுக்கும் அவனுக்கும் எச்எல்ஏ பொருத்தம் பார்த்துவிடுங்கள்.